வலது ஓரத்துச் சிவப்புப் புள்ளி

சேலை விரிக்கிற ஒரு மனிதரின் வேலைக்கு நான் உலை வைத்தேன். முதலில் வாயால் வைத்தேன். பிறகு கம்ப்யூட்டரால் வைத்தேன். இரண்டு தடவையும் நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில்தான் இருந்தேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இந்தக் கதையில் ஒரு இடமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரெண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். சென்னையில் ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்கிற வேலையில் இருந்தேன். மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டு அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒரு பாய். தலைமுறை தலைமுறையாக ஜரிகை விற்ற குடும்பம். அவர் காலத்தில் பட்டுச்சேலைக் கடையும் போட்டிருந்தார், காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில். அமெரிக்காவில் இருந்த அவருடைய தங்கை மகன் ஃபோனில் நெட்டு, நெட்டு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தானாம். கடைக்கு ஒரு வெப்சைட் செய்துதருகிறாயா என்று என்னைக் கேட்டார். செய்துதருகிறேன் என்றேன். உங்கள் கடைப் போர்டில் எழுத்து அசிங்கமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

அந்தக் கடை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கூடம் முழுக்க வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதில் உட்காருவார்கள். எதிரே அலமாரிக்கு முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பாய்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார், பாய்க்கு வயது அதிகமாக இருந்தும். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே இடத்தில் உட்கார்ந்து சேலை விரித்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டுமென்றால் மட்டும் தெலுங்குக்கு மாறிவிடுவார். நான் அங்கே வேலை செய்த காலத்தில் எனக்குத் தெலுங்கு நன்றாகப் பழகியது.

அவர் விரிப்பதை நான் ரொம்ப நாள் வெறும் கூத்து என்று நினைத்திருந்தேன். மடிப்பை ஒரு கையில் பிடித்து மற்றக் கையால் ஒரு உதறு உதறுவார். முந்தானை சரியாக எதிரே இருக்கிற பெண்மணியின் மடிக்குப் பக்கத்தில் போய் விழும். உடனே சேலையின் ஓரத்தை எடுத்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே, திருப்பி உள்பக்கத்தைக் காட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த அம்மாள் குனிந்து பார்ப்பார். பிறகுதான் விலை கேட்பார். எல்லாச் சேலைக்கும் இதே கதை. எதற்கு இவ்வளவு நேரம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வெப்சைட்டை இரண்டு மாதத்தில் செய்தேன். சேலைகளை அலமாரியில் இருக்கிற மாதிரியே மடித்து வைத்து மேலிருந்து படம் எடுத்தேன். விரித்து எடுக்கலாமா என்று பாய் கேட்டார். விரித்தால் படத்தில் அடங்காது, மடித்தால்தான் வரிசையாக அழகாக இருக்கும் என்றேன். முகப்பில் தங்க நிறக் கோபுரம் ஒன்று மெல்ல மேலே எழும்பி, வீணை இசையோடு இரண்டாகத் திறந்து, நடுவில் கடையின் பெயர் மின்னும்படி ஒரு அனிமேஷன். அதற்கு மட்டும் மூன்று வாரம். பாய் தொழுகைக்குப் போகிற மனுஷன், கடை முகப்பில் கோபுரம் வேண்டுமா என்று நான் யோசிக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, ஊருக்கு அடையாளம் அதுதானே, இருக்கட்டும்மா என்றார். அவ்வளவு நல்ல மனுஷனிடம்தான் என் வாயைத் திறந்தேன்.

வைகாசி முடிகிற சமயம். வெப்சைட் வந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. மத்தியானம், கடையில் கூட்டமில்லை. இந்த நெட்டால் நமக்கு என்ன லாபம் என்று பாய் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. லாபமா, கொஞ்ச நாள் பொறுங்கள், ஜனங்கள் வீட்டிலேயே பார்த்து முடிவு செய்துவிட்டு வருவார்கள், அப்புறம் இந்த மெத்தை எதற்கு, இதை எடுத்துவிட்டு ஒரு கவுன்டர் போட்டால் போதும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“உக்காந்து விரிச்சுக் காட்றதுக்குன்னு ஒரு ஆளு எதுக்கு பாய், இந்தக் காலத்துல?”

அந்த ஆள் நாலடி தூரத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. மடிப்பும் கலையவில்லை. பாய் அவரைப் பார்த்தார், பிறகு மெத்தையைப் பார்த்தார். கடையை மாற்றிக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு காரணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஆடி முடியட்டும், ஆவணி முகூர்த்தம் வருவதற்குள் முடிவு செய்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து அண்ணனின் வேலை என் வெப்சைட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இது அவருக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தும் கவலைப்பட்டது வெப்சைட்டைப் பற்றித்தான். காலையில் ஏனாத்தூர் காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் அண்ணனின் மகளைப் பார்ப்பேன். மடியில் புத்தகம் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்கு விஷயம் தெரியாது போல. நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆனியில்தான் ஹீட்மேப் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொஞ்ச நாளைக்கு இலவசமாகக் கொடுத்தது. நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் எங்கெங்கே மவுஸால் அழுத்துகிறார்கள் என்று சேர்த்துவைத்து, பக்கத்தின் மேலேயே வண்ணம் பூசிக் காட்டும். நிறையப் பேர் அழுத்திய இடம் சிவப்பு. கொஞ்சம் பேர் என்றால் மஞ்சள், பச்சை. யாரும் தொடாத இடம் நீலம். ஜனங்களின் மனசுக்குள் புகுந்து பார்க்கிற கருவி என்று பாயிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் வாரப் படத்தில், தொடர்புக்கு என்று போட்டிருந்த பட்டன் செக்கச்செவேல் என்று எரிந்தது. பார்த்தீர்களா, கடைக்கு ஃபோன் செய்ய ஜனங்கள் துடிக்கிறார்கள் என்றேன். பாய் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். அண்ணனுக்கும் ஒரு டம்ளர் போனது. அவர் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்திப் பார்த்தது நான். வீட்டிலிருந்து அழுத்தினேன், கடையிலிருந்து அழுத்தினேன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தும் அழுத்தினேன். ஜனங்களின் மனசுக்குள் புகுந்து பார்த்தால் அங்கே நான்தான் உட்கார்ந்திருந்தேன். பாயிடம் இதைச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, பிரவுசிங் சென்டர் போவதையும் நிறுத்திவிட்டு, கம்மென்று இருந்தேன்.

நான் விலகியதும் உண்மை முகம் தெரிந்தது. முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் சிவப்பு. என் தங்கக் கோபுரத்துக்குக் கீழே, வேண்டாதவர்கள் தாண்டிப் போகட்டும் என்று பொடி எழுத்தில் ஒரு ‘ஸ்கிப்’ போட்டிருந்தேன். அதைத்தான் அத்தனை பேரும் அழுத்தியிருந்தார்கள். மூன்று வாரம் செய்த கோபுரம் திறக்கும்வரை இருந்து பார்த்த ஒரு ஜீவன் இல்லை. காஞ்சியின் பட்டு மரபு பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை, மேலிருந்து கீழ்வரை நீலம். கோடையில் பாலாறுகூட அவ்வளவு வெறிச்சோடிக் கிடக்காது. ஆற்றில் மாடாவது நிற்கும்.

எனக்குப் பயங்கரக் கோபம். யார்மேல் என்று கேட்டால், வந்தவர்கள்மேல். ரசனை கெட்ட ஜனங்கள் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

சேலைப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு சேலைப் படத்திலும் வலது பக்கக் கீழ் ஓரத்தில், கரை முடிகிற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. பொட்டு வைத்த மாதிரி. அங்கே லிங்க் கிடையாது, பட்டன் கிடையாது, எழுத்து கிடையாது. வெறும் படம். ஒரு சேலையில் இருந்தால் தற்செயல் என்று விடலாம். எல்லாச் சேலையிலும், அதே ஓரத்தில் இருந்தது.

சாஃப்ட்வேரில் கோளாறு என்று முடிவு கட்டினேன். அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். உங்கள் கருவி பொய் சொல்கிறது என்று ஆரம்பித்த மெயில். கோளாறு எதுவும் இல்லை, நிஜமாகவே அங்கே அழுத்துகிறார்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மரியாதையாக வந்ததுதான் இன்னும் கோபம்.

அப்புறம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது அதிகம். எனக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொண்டேன். சேலையைப் பார்க்கிறார்கள், பிடித்துவிடுகிறது, வாங்கத் துடிக்கிறார்கள், எங்கே அழுத்துவது என்று தெரியாமல் படத்தின் மேலேயே அழுத்துகிறார்கள். அப்படியானால் அந்த ஓரத்திலேயே ‘வாங்க’ என்று ஒரு பட்டன் வைத்துவிட்டால் முடிந்தது. வைத்தேன். அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன்.

பாருங்கள், விரித்துக் காட்டாமலே இவ்வளவு பேர் வாங்கக் கையை நீட்டுகிறார்கள் என்றேன். பாய் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்போ நீ சொன்னது சரிதான்மா என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் சென்னையில் மூன்று வருஷம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் பாய் அண்ணனைக் கூப்பிட்டு, ஆடியோடு போதும், ஆவணியில் கடையை மாற்றிக் கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆடியில் கூட்டம் இருக்காது, அதுவரை அவருக்குப் பின்கட்டில் மடிப்பு வேலை. அண்ணனுக்கு வேறு ஒரு கடையில் வேலை கிடைத்தது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். கோயிலுக்கு வருகிற டூரிஸ்ட் பஸ்களிடம் ஓடி, சேலை பாருங்க, சேலை பாருங்க என்று கூப்பிட்டு அழைத்துவருகிற வேலை. இருபது வருஷம் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஓரம் திருப்பிக் காட்டியவர் இனி ரோட்டில் நின்று பஸ் கதவைத் தட்ட வேண்டும். எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் காலம் மாறும்போது இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய காலம்தானே மாறுகிறது. சொல்வதில் எனக்கு என்ன சிரமம்?

பட்டன் வைத்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஓரத்தில் அழுத்தியவர்கள் பணம் கட்டுகிற பக்கத்தில் போய் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் ஓடிப்போனார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மாள் மெயில் எழுதினார். சேலையைப் பார்க்கவிடாமல் வாங்கு, வாங்கு என்று கழுத்தைப் பிடிக்கிறீர்களே என்று. பார்க்கத்தானே படம் போட்டிருக்கிறேன், இதற்குமேல் எப்படிப் பார்ப்பீர்கள் என்று பதில் எழுதினேன். ஒரு வாடிக்கையாளருக்கு, பாயின் கடை பெயரில், நான் எழுதிய பதில் அது.

ஆடி மாதம் பாதி போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேறொரு கடையின் வெப்சைட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பியடிக்கத்தான். அரக்குச் சேலை ஒன்று, பச்சைக் கரை. நல்ல சேலை. அம்மா காபி கொண்டுவந்தவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

“என்னாத்துக்குடி அந்த மூலையிலயே குத்திக்கினு இருக்குற?” என்றார்.

“உள்பக்கம் பாக்கத்தான்” என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

கை மவுஸின் மேலேயே இருந்தது. அம்பு, சேலையின் வலது பக்கக் கீழ் ஓரத்தில். எத்தனை தடவை அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. கரையைத் தூக்கித் திருப்பப் பார்த்திருக்கிறேன், கம்ப்யூட்டரில்.

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் சேலையை முன்பக்கம் பார்த்து எடுக்கமாட்டாள். முன்பக்கம் எல்லாச் சேலையும் அழகுதான். ஓரத்தைத் தூக்கி உள்பக்கம் பார்க்க வேண்டும். உடம்பும் கரையும் சேர்கிற கோர்வை பிசிறில்லாமல் இருக்கிறதா, ஜரிகை உள்ளேயும் ஒழுங்காக ஓடுகிறதா, அறுந்த நூலை முடிச்சுப் போட்டு மறைத்திருக்கிறானா, எல்லாம் அங்கேதான் தெரியும். இது யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. வெங்காயம் வாங்கினால் அழுத்திப் பார்க்கிற மாதிரி கை தானாகப் போகும். சிங்கப்பூர் போனாலும் போகும், அமெரிக்கா போனாலும் போகும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற படம் என்று தெரிந்தாலும் போகும். என் பக்கத்துக்கு வந்தவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள்தான், எங்கெங்கோ போய் இருக்கிறவர்கள். அவர்கள் ஓரத்தைத் தூக்கப் பார்த்தார்கள். நான் அங்கே பட்டனை வைத்து அவர்கள் கையில் அடித்தேன்.

காபி ஆறிப்போயிற்று. காஞ்சிபுரத்தில் பிறந்து, பட்டுக்கடையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, கண்ணெதிரே ஒரு மனிதர் தினம் நூறு தடவை அந்த ஓரத்தைத் திருப்பிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, அது என்ன சிவப்புப் புள்ளி என்று வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் எழுதியவள் நான். மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவளும் நானே.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே பாயிடம் போய் நின்றேன். நான் சொன்னது தப்பு, அந்தப் புள்ளிகள் வாங்குவதற்கு இல்லை, திருப்பிப் பார்ப்பதற்கு, விரித்துக் காட்ட ஆள் இல்லை என்றுதான் ஒருவரும் வாங்கவில்லை என்றேன். பாய் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா பாய் என்று கேட்டேன். ஜரிகை வியாபாரம் செய்த குடும்பத்துக்கு உள்பக்கம் தெரியாமல் இருக்குமா?

“தெரியும்மா. கம்ப்யூட்டர்ல வேற மாதிரி போலன்னு நெனச்சேன். நீ படிச்ச பொண்ணு, அவ்ளோ அடிச்சு சொன்னியே.”

அண்ணனை இருக்கச் சொல்லுங்கள் என்றேன். பாய் தலையாட்டினார், ஆனால் தான் போய்ச் சொல்லமாட்டேன் என்றார். ஒரு தடவை போகச் சொல்லிவிட்டு மறுபடி வரச் சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன மரியாதை? யாரால் இந்தப் பேச்சு ஆரம்பித்ததோ அவர்களே போய்ப் பேச வேண்டும், அண்ணன் இருக்கிறேன் என்றால் தனக்கும் சந்தோஷம் என்றார்.

பின்கட்டுக்குப் போனேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து காகிதம் வைத்துச் சேலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பழக்கமில்லை. கலர் பிரின்ட்டை அவர் முன்னால் நீட்டி, நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“என்னா இது, இஸ்திரி பெட்டி வெச்சு சுட்டுட்டியா?”

அழுத்துகிற இடம் சிவப்பாகத் தெரியும் என்று விளக்கினேன். பாதி சொல்வதற்குள் அவர் விரல் சரியாக அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டதை அவர் ஒரு பார்வையில் முடித்துவிட்டார். அப்போது அவர் தெலுங்கில் சொன்னதை எழுத முடியாது.

“திருப்பிக் காட்டாதவன் எதையோ ஒளிக்கிறான்னுதாம்மா அர்த்தம். ஊர் ஊரா இருக்கறவங்களுக்கு எல்லாம் நம்ம பாய் கடைய திருட்டுக் கடைன்னு காட்டிட்டியே.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. இருக்கிறீர்களா, போகாதீர்கள் என்றேன். எல்லாச் சேலையையும் மறுபடி படமெடுக்கிறேன், நீங்கள் விரிக்க வேண்டும், நீங்கள் ஓரம் திருப்ப வேண்டும் என்றேன். அவர் ஒரு சேலையை மடித்து முடித்தார். இன்னொன்றை எடுத்து அதையும் மடித்து முடித்தார். பஸ் கதவைத் தட்டும் வேலைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். அங்கே யாரும் என்னைப் பார்த்து ‘ஒரு ஆளு எதுக்கு’ என்று கேட்கமாட்டார்கள் என்றார். வைகாசியில் நான் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். போ என்று சொன்னால்கூட நின்றிருப்பேன், பிடிவாதத்தில் எனக்கு நிகர் கிடையாது. கடைசியில் அவரே நிமிர்ந்தார்.

“சரி, ஒரு ஆளு எதுக்குன்னு கேட்ட இல்ல? ஒரு நாளு மெத்தையில உக்காந்து நீ விரி. சாயங்காலம் நீ எதுக்குன்னு சொல்லு, நான் இருக்குறனா போறனான்னு சொல்றேன்.”

மறுநாள் விரித்தேன். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு குடும்பம், கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். ஐந்து பெண்கள், ஒரு பெரியவர். முதல் சேலையை அண்ணன் மாதிரியே உதறினேன். முந்தானை பெரியவர் தலைமேல் போய் விழுந்தது. அவர் முக்காடு போட்ட மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இரண்டாவதை உதறாமல் கையால் தள்ளி விரித்தேன். துணி உலர்த்துகிற மாதிரி இருந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை ஓரத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். நான் திருப்பியது முந்தானைப் பக்கத்து ஓரம். இந்தப் பக்கம்மா என்று அவரே எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எட்டாவது சேலைக்கு மேல் எனக்கு எது எங்கிருந்து எடுத்தது என்று தெரியவில்லை. மடிக்க வரவில்லை. மெத்தை முழுக்கப் பட்டு மலை, நடுவில் நான். அண்ணன் பின்கட்டு வாசலில் நின்று டீ குடித்தார். இந்தத் தடவை டம்ளரைக் காலி செய்தார்.

அந்த அத்தை எழுந்திருக்கப் பார்த்தார். வேறு கடை பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது மரியாதைக்கு. கெஞ்சினேன், வாய் திறக்காமல். என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் செய்த முதல் உருப்படியான காரியம்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வந்து உட்கார்ந்தார். நகரும்மா என்றார். என் மலைக்குள் கை விட்டு, எப்படித் தெரிந்ததோ, ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்து ஒரு உதறு. முந்தானை கல்யாணப் பெண்ணின் மடியோரம் போய் நின்றது. ஓரத்தைத் திருப்பினார். ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். கோர்வை, கோடு போட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம், நான் எதுக்கு என்று சொல்ல வேண்டிய நேரம் வந்தது. மடிப்பதற்குக்கூட லாயக்கில்லை என்றேன். அது தெரியும், வேறு ஏதாவது சொல்லு என்றார். படம் எடுப்பேன் என்றேன். சரி, நாளைக்கு எடு என்றார். பஸ் வேலைக்குக் கூப்பிட்ட கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் எனக்குப் புதுசு.

எல்லாச் சேலையையும் மறுபடி எடுத்தோம். விரித்து ஒன்று, ஓரம் திருப்பி ஒன்று. ஓரத்தில் அழுத்தினால் சேலை திரும்பி உள்பக்கம் தெரிகிற மாதிரி செய்தேன். திருப்பிப் பிடித்திருக்கிற கை அண்ணனுடையது. தங்கக் கோபுரத்தைத் தூக்கி எறிந்தேன். ஆவணி பாதியில் முதல் ஆர்டர் வந்தது, அந்தச் சிங்கப்பூர் அம்மாளிடமிருந்து. இப்போதுதான் பார்க்கவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். இந்தத் தடவை பதிலைப் பாயை எழுதச் சொன்னேன்.

வெப்சைட்டால் கடை பெரிதாகிவிட்டது என்று சொன்னால் பொய். எப்போதாவது ஒன்றிரண்டு வந்தது. பெரும்பாலும் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது நேரில் வந்து மெத்தையில் உட்கார்ந்தார்கள். மெத்தை அங்கேயே இருந்தது. கவுன்டர் வரவில்லை. அடுத்த மாத ஹீட்மேப்பில் ஓரத்துப் புள்ளி அப்படியே சிவப்பாக இருந்தது. கூடவே அண்ணனின் கட்டைவிரலின் மேலும் ஒரு மஞ்சள். அவரிடம் காட்டினேன். என் விரலை எதுக்குக் குத்துகிறார்கள், அதன் உள்பக்கம் பார்க்கவா என்றார்.

நான் தப்பாகப் படித்த அந்த முதல் கலர் பிரின்ட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் தான் உட்காருகிற இடத்துக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். உட்காருகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து, அது என்ன புது டிசைனா என்று கேட்பார்கள். அவர் சேலையை உதறிக்கொண்டே என் பக்கம் தாடையை நீட்டுவார்.

“அது இல்லம்மா. இந்தப் பொண்ணு என்னை வீட்டுக்கு அனுப்பப் பாத்த மேப்பு.”

நான் அங்கே வேலை பார்த்தவரை அது சுவரில் இருந்தது. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.